வெடி மேலே, கல் கீழே

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடித்து ஒருவர் உயிரைப் பறித்தது விண்கல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, விண்கல் தரையில் விழுந்தால் குண்டு மாதிரி வெடிக்குமா, தீப்பிடிக்குமா என்றும் கேட்கிறீர்கள். இரண்டாவது கேள்வியைத் தீர்த்துக்கொண்டால் முதலாவது பாதி தீர்ந்துவிடும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெடிப்பெல்லாம் பெரும்பாலும் மேலே, நம் தலைக்கு 20, 30 கிலோமீட்டர் உயரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. கீழே வந்து சேர்வது சூடு தணிந்த வெறுங்கல். சினிமா நமக்குக் காட்டுவது இதற்கு நேர்மாறானது. தரையைத் தொடும்வரை கொழுந்துவிட்டு எரிந்துகொண்டே வரும் பாறை, விழுந்த இடத்தில் புகையும் பள்ளம், தொட்டால் சுடும் கல். அந்தக் காட்சியை மனத்திலிருந்து எடுத்துப் போடுவதுதான் கொஞ்சம் கஷ்டம்.

வேகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் எந்தக் கல்லும் வினாடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில்தான் நம் காற்றுக்குள் நுழையும். பூமியின் ஈர்ப்பு மட்டுமே கொடுக்கிற வேகம் அது. பூமி ஓடுகிற திசைக்கு எதிரே வருகிற கல்லாக இருந்தால் 70 கிலோமீட்டரைத் தாண்டும். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்து போகிறோம். நடுத்தர வேகக் கல்லுக்கு அரை நிமிடம் போதும்.

இந்த வேகத்தில் வரும் பொருளுக்கு முன்னால் இருக்கும் காற்றுக்கு ஒதுங்க நேரம் கிடைப்பதில்லை. ஒலியைப்போல் குறைந்தது முப்பது மடங்கு வேகத்தில் வருகிறது கல். ‘வருகிறது’ என்ற தகவல் காற்றுக்குப் போய்ச் சேருவதற்குள் கல்லே வந்துவிடுகிறது. ஒதுங்க முடியாத காற்று கல்லின் முகத்துக்கு முன்னால் குவிந்து நசுங்குகிறது. நசுங்கும் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், நாலு அடி அடிப்பதற்குள் பம்பின் அடிப்பாகம் சுடும். அங்கே கை அழுத்துகிறது. இங்கே அழுத்துவது வினாடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பாறை. காற்று பல ஆயிரம் டிகிரிக்குப் போய்த் தானே ஒளிவிடத் தொடங்குகிறது. நாம் பார்க்கிற வெளிச்சத்தில் பெரும்பங்கு இந்தக் காற்றும், கல்லிலிருந்து ஆவியாகிப் பிரிந்த வாயுவும் தருவதுதான். பல பள்ளிப் பாடங்கள் ‘உராய்வினால் எரிகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. உராய்வும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முக்கியமான வேலையைச் செய்வது அழுத்தம்.

ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது கோடு கிழித்துப் போகிற எரிநட்சத்திரம் பெரும்பாலும் மணல் பருமன்தான் இருக்கும், மிஞ்சிப்போனால் ஒரு கூழாங்கல். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிவிடத் தொடங்கி, ஓரிரு வினாடியில் முழுக்கக் கரைந்துபோகும். அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. நாள்தோறும் இப்படிப் பல பத்து டன் வான்தூசி பூமிமேல் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

கொஞ்சம் பெரிய கல் என்றால் கதை வேறு. வெளித்தோல் உருகுகிறது, உருகியதைக் காற்று உடனே வழித்து எறிந்துவிடுகிறது, அடுத்த அடுக்கு உருகுகிறது. சூடு உள்ளே இறங்குவதற்குள் சூடேறிய பகுதியே கழன்று போய்விடுவதால், மையம் விண்வெளியில் இருந்த குளிரோடு அப்படியே இருக்கிறது. கல் நல்ல வெப்பக்கடத்தியும் இல்லை. இந்தக் கூத்து நீடிப்பதும் சில வினாடிகள்தான். விண்கல்லின் மேலிருக்கும் கறுப்புத் தோலை அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கலாம். பெரும்பாலும் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தத் தோல் அளவுக்குத்தான் தீ உள்ளே போயிருக்கிறது.

வீடளவு பாறை என்றால் உருகுவதைவிட உடைவதே பெரிய விஷயம். முகத்தில் விழும் அழுத்தத்தை, காற்றின் அடர்த்தியை வேகத்தின் இருமடியால் பெருக்கிக் கணக்கிடலாம். 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெல்லியது. கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்குதான் இருக்கும். இருந்தாலும் வேகம் 18 கிலோமீட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், நாம் தினமும் சுமக்கிற காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஐம்பது, அறுபது மடங்கு வருகிறது. கல்லின் முதுகுப்புறத்திலோ அழுத்தம் அனேகமாக இல்லை. ஏற்கெனவே வான்வெளியில் எத்தனையோ மோதல்களில் விரிசல் கண்ட பாறை இது. விரிசல்களில் பிளந்து உடைகிறது. உடைந்ததும் காற்றுக்கு முகம் காட்டும் பரப்பு சட்டென்று பெருகுகிறது. பெருகினால் தடை கூடும். தடை கூடினால் மேலும் உடையும். சில கிலோமீட்டர் தூரத்துக்குள், கல் சுமந்து வந்த ஆற்றல் கிட்டத்தட்ட முழுவதும் காற்றில் கொட்டப்படுகிறது. பாறைக்குள் வெடிமருந்து எதுவும் கிடையாது. அதன் வேகம்தான் மருந்து.

இதை உலகமே பார்த்த நாள் 2013 பிப்ரவரி 15. ரஷ்யாவின் யூரல் மலைகளுக்குக் கிழக்கே செல்யாபின்ஸ்க் என்ற தொழில் நகரம். காலை ஒன்பது மணி இருபது நிமிடம், பனிக்காலக் குளிர். அங்கே வண்டிக்காரர்கள் விபத்துச் சண்டைகளுக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று காரின் முன்கண்ணாடியில் கேமரா மாட்டி வைப்பது வழக்கம். அந்தக் கேமராக்களின் புண்ணியத்தில்தான் இவ்வளவு தெளிவான பதிவு அறிவியலுக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 20 மீட்டர் குறுக்களவு, 12,000 டன்னுக்குக் குறையாத எடை, வினாடிக்கு 19 கிலோமீட்டர் வேகம். செங்குத்தாக இல்லாமல், தரைக்குச் சுமார் 18 பாகை சாய்வில் நீளமாகச் சறுக்கிக்கொண்டு வந்தது. அந்தச் சாய்வு நகரத்தைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம். மெல்லிய காற்றில் நீண்ட தூரம் ஓடி, 30 கிலோமீட்டர் உயரத்திலேயே சிதறிவிட்டது. சில கணங்கள் சூரியனைவிடப் பிரகாசம். தெருவில் மரங்களின், கம்பங்களின் நிழல்கள் ஓடின. வெளியான ஆற்றல் சுமார் 500 கிலோடன் டிஎன்டி என்று கணக்கிட்டார்கள், ஹிரோஷிமா குண்டைப்போல் முப்பது மடங்கு.

ஆனால் இதில் நான் உங்களை நிறுத்திக் காட்ட விரும்புவது வெளிச்சத்துக்குப் பிறகான இரண்டரை நிமிடத்தை. ஒளி உடனே வந்துவிட்டது. ஒலிக்கும் அதிர்வலைக்கும் அத்தனை தூரம் இறங்கி நகரத்தை அடைய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் மனிதர்கள் எல்லோரும் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள். ஜன்னலுக்கு ஓடினார்கள். வானத்தில் இரட்டை வாலாக நின்ற புகைத்தடத்தை மூக்கைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் அலை வந்து கண்ணாடியைத் தூளாக்கியது. 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதம். சுமார் 1,500 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், பெரும்பாலும் கண்ணாடி கிழித்த காயம். கல் பட்டுக் காயமடைந்தவர் எவரும் இல்லை. ஒருவரும் சாகவுமில்லை. ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியை மட்டும், அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் பிள்ளைகளை மேசைக்கு அடியில் போகச் சொன்னார். பிள்ளைகள் கீறலில்லாமல் தப்பினார்கள். நின்றுகொண்டிருந்த ஆசிரியையின் கையைக் கண்ணாடி கிழித்தது. என்றாவது பகலில் இன்னொரு சூரியன் மாதிரி ஏதாவது பளிச்சிட்டால், தயவுசெய்து ஜன்னல் பக்கம் போகாதீர்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, மிச்சம் வந்துகொண்டிருக்கிறது.

பன்னிரண்டாயிரம் டன்னில் கீழே வந்தது எவ்வளவு தெரியுமா? ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் ஆவியாகவும் தூசியாகவும் மேலேயே நின்றுவிட்டது. அந்தத் தூசி வடதுருவத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் பல வாரங்கள் மிதந்ததைச் செயற்கைக்கோள்கள் பார்த்தன. கிடைத்த துண்டுகளில் பெரியது செபர்குல் ஏரியின் உறைபனியில் ஏழெட்டு மீட்டர் ஓட்டை போட்டு உள்ளே போனது. அக்டோபரில் அதை வெளியே இழுத்து எடைபோட்டபோது தராசு 570 கிலோ காட்டிவிட்டு உடைந்துபோனது, கல்லும் மூன்றாகப் பிளந்தது. சூரியன் இருந்த திக்கிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் இதை முன்னால் பார்க்கவில்லை. அதே நாளில் இன்னொரு சிறுகோள் பூமியிலிருந்து 28,000 கிலோமீட்டருக்குள் கடந்துபோவதாக இருந்தது. வானியலாளர்கள் எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வானத்துக்கும் குறும்பு உண்டு போல.

முன்கூட்டியே கண்டுபிடித்த கதையும் உண்டு. எனக்கு இதைவிடப் பிடித்தது அதுதான். 2008 அக்டோபர் 6-ஆம் தேதி அமெரிக்காவின் அரிசோனாவில் ரிச்சர்ட் கோவால்ஸ்கி தொலைநோக்கியில் ஒரு மங்கலான புள்ளியைப் பார்த்தார். நாலு மீட்டர் அளவுள்ள கல். பாதையைக் கணக்கிட்டால், இன்னும் ஒரு நாளுக்குள் பூமியில் விழும். இடம், வட சூடானின் நூபியப் பாலைவனம். அதுவரை எந்தச் சிறுகோளையும் விழுவதற்கு முன் யாரும் கண்டதில்லை. சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில், மறுநாள் விடிவதற்குச் சற்று முன் 37 கிலோமீட்டர் உயரத்தில் அது வெடித்தது. தூரத்தில் பறந்துகொண்டிருந்த விமானி ஒருவர் வெளிச்சத்தைப் பார்த்தார். எல்லாம் தூசியாகிப் போயிருக்கும் என்றே பலரும் நினைத்தார்கள்.

பீட்டர் ஜெனிஸ்கென்ஸ் என்ற வானியலாளரும் கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் முவாவியா ஷத்தாதும் மட்டும் அப்படி விட்டுவிடவில்லை. டிசம்பரில் மாணவர்களைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போய், பாலைவனத்தில் வரிசையாக நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே நடக்க வைத்தார்கள். வெளிர்மணலில் கறுப்புக் கல் தனியாகத் தெரியும். அங்கே ஆள் நடமாட்டத்துக்கு அடையாளமாக இருந்தது ஒரு ரயில் நிலையம், அதன் பெயரே ‘ஆறாம் நிலையம்’. அதன் அரபுப் பெயரான அல்மஹதா சித்தா என்பதையே கற்களுக்கும் வைத்தார்கள். அடுத்தடுத்த தேடல்களில் சுமார் 600 துண்டுகள் கிடைத்தன. எல்லாம் சேர்த்து பத்துக் கிலோவைச் சற்றே தாண்டியது. வந்த கல்லோ சுமார் 80 டன். கோடிக்கணக்கில் பணம் செலவழித்து விண்கலம் அனுப்பிச் சிறுகோளிலிருந்து ஒரு பிடி மண் எடுக்கிறார்கள். இங்கே மாணவர்கள் கால்நடையாகப் போய்ப் பொறுக்கி வந்துவிட்டார்கள்.

நம் ஆட்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். புறநானூற்றின் 229-ஆம் பாட்டில் கூடலூர் கிழார், பங்குனி மாத இரவொன்றில் ஒரு விண்மீன் வானிலிருந்து விழுந்ததைச் சொல்கிறார். எந்தெந்த நட்சத்திரம் எங்கெங்கே நின்றது என்று வானியல் குறிப்பு மாதிரி அடுக்கிவிட்டுத்தான் விழுந்ததற்கு வருகிறார்; தீ பரவியதையும் காற்றையும் சேர்த்தே பேசுகிறார். பார்த்தவர்கள் அரசனுக்குக் கேடு வருமோ என்று அஞ்சினார்கள். ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோனான். சகுனத்தை விடுங்கள். அந்தக் கவனிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, கீழே வரும் கல்லுக்குத் திரும்புவோம். உடைந்த துண்டுகள் 20 கிலோமீட்டர் உயரத்துக்குள்ளேயே விண்வெளி வேகத்தை முழுக்க இழந்துவிடுகின்றன. ஒளி அணைந்துவிடும். அதற்கப்புறம் அது மேலேயிருந்து கைநழுவி விழுந்த கல் மாதிரிதான், மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில், சில நிமிடம் இருட்டில் விழுந்துகொண்டே வரும். அந்த உயரத்தில் காற்று மைனஸ் ஐம்பது டிகிரி. மேல்தோலில் மிஞ்சியிருந்த சூடும் போய்விடும். உடனே எடுத்தவர்கள் சில்லென்று இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது என்றுதான் பெரும்பாலும் சொல்லியிருக்கிறார்கள்.

1954 நவம்பரில் அமெரிக்காவின் அலபாமாவில் கிட்டத்தட்ட நாலு கிலோ கல்லொன்று ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்து, ரேடியோவில் மோதித் தெறித்து, சோபாவில் படுத்திருந்த பெண்ணின் இடுப்பில் பட்டது. பெரிய கன்றிப்போன காயம், அவ்வளவுதான். தீயில்லை, வெடியில்லை. 2022 ஆகஸ்டில் குஜராத்தின் தியோதர் பகுதியில் விழுந்த கல், ஒரு கிராமத்தில் மரக்கிளையில் பட்டு உடைந்தது. பக்கத்துக் கிராமத்தில் விழுந்த துண்டு ஒரு வீட்டுத் தரை ஓட்டைப் பெயர்த்தது. நம் பக்கத்திலும் பதிவு உண்டு. 1857 பிப்ரவரி 28 அன்று, சிப்பாய்க் கலகம் வெடிக்க இரண்டு மாதம் இருக்கும்போது, மதுரைக்குத் தெற்கே இரண்டு கற்கள் விழுந்தன. ஆங்கிலேயர் ‘பர்னல்லி’ என்று பதிந்து வைத்த ஊர். அட்சரேகை தீர்க்கரேகைப்படி பார்த்தால் கமுதிப் பக்கத்துப் பெருநாழி. இரண்டும் சேர்த்து 77 கிலோ. பெரியது இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுபத்தேழு கிலோ வானத்திலிருந்து விழுந்தும் ஊர் எரியவில்லை.

விதிவிலக்கு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. இரும்புக் கல் லேசில் உடையாது. 50 மீட்டர் அளவு இரும்பு, 50,000 ஆண்டுகளுக்கு முன் அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலப் பள்ளம் தோண்டியது. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியும் விண்கல் மோதிப் பிறந்ததுதான், அதன் விளிம்புக்கு விளிம்பு 1.8 கிலோமீட்டர். விண்வெளி வேகத்தோடு தரையைத் தொட்டால் உண்மையிலேயே வெடிக்கும், கல்லே ஆவியாகும். இன்னொரு விதிவிலக்கு விசித்திரமானது. 2007 செப்டம்பரில் பெருவில், டிட்டிக்காக்கா ஏரிப் பக்கம் கரங்காஸ் என்ற ஊரில் சாதாரணக் கல்வகை விண்கல் ஒன்று சிதறாமல் வந்து 13 மீட்டர் அகலப் பள்ளம் போட்டது. அந்த ஊர் 3,800 மீட்டர் உயரத்தில் இருப்பது, கல்லில் விரிசல் குறைவாக இருந்தது என்று காரணம் சொல்கிறார்கள். பள்ளத்தில் கொதித்த தண்ணீரின் ஆவியைச் சுவாசித்தவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தன. கல்லின் நஞ்சு என்று பேச்சு கிளம்பியது. நிலத்தடி நீரிலிருந்த ஆர்சனிக்காக இருக்கலாம் என்று பின்னர் விளக்கம் வந்தது.

இப்போது நாட்றம்பள்ளி. தரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிலும் கட்டடங்களின், பேருந்துகளின் கண்ணாடிகள் உடைந்தன, கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் அறிக்கையும் விண்கல் என்றே சொன்னது. ‘வரலாற்றில் விண்கல்லால் இறந்த முதல் மனிதர்’ என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்றார்கள்.

மேலே சொன்னதை எல்லாம் வைத்து நீங்களே யோசித்துப் பாருங்கள். சிறு கல் என்றால், சாதாரண வேகத்தில்தான் விழுந்திருக்கும். ஆளின் தலையில் நேராக விழுந்தால் கொல்லும், ஐயமில்லை. ஆனால் சுற்றியுள்ள கண்ணாடிகளை உடைக்கும் அலை அதிலிருந்து கிளம்பாது. விண்வெளி வேகத்தோடு வந்து வெடித்தது என்றால், அத்தனை வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு வர அது கணிசமான பெரிய கல்லாக இருந்திருக்க வேண்டும். பட்டப்பகலில் அந்தத் தீக்கோளத்தை ஆம்பூரும் கிருஷ்ணகிரியும் பெங்களூரும் பார்த்திருக்கும், இடி முழக்கம் பல மாவட்டங்களுக்குக் கேட்டிருக்கும். அப்படி ஊர் ஊராகப் பேசப்பட்ட செய்தி எதையும் நான் படிக்கவில்லை. ஆகவே அது விண்கல் இல்லை என்பதே என் முடிவு. இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. மண்ணில் நடந்த வெடி என்றால் அங்கே என்ன இருந்தது, யார் வைத்தது, ஏன் வெடித்தது என்று கேட்க ஆள் வேண்டும். வானத்தின் மேல் பழியைப் போட்டால் கேட்கவும் யாரும் வேண்டாம், பதில் சொல்லவும் யாரும் வேண்டாம்.

கடைசியாக, உங்கள் தோட்டத்தில் கிடைத்ததாக நீங்கள் அனுப்பியிருக்கும் கறுப்புக் கல்லின் படம். காந்தம் ஒட்டுகிறது, கனமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் நல்ல அறிகுறிகள்தான். ஆனால் படத்தில் உடைந்த பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னச் சின்னக் குமிழித் துளைகள் தெரிகின்றன. விண்கல்லில் அப்படித் துளைகள் அனேகமாக இருக்காது. மெல்லிய கறுப்புத் தோலுக்கு உள்ளே வெளிர் சாம்பல் நிறமும், அதில் உலோகப் பொட்டுகளும் தெரிய வேண்டும். உங்களுடையது இரும்பு உருக்கும்போது கழிந்த கிட்டமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏமாற்றம் வேண்டாம். கொடுமணல் மாதிரி இடங்களில் பழைய இரும்பு உலைகளைக் கண்டுபிடிக்கத் தொல்லியலாளர்களுக்கு வழிகாட்டியவற்றில் இந்தக் கிட்டமும் ஒன்று. சந்தேகம் தீரவில்லை என்றால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு எழுதலாம். நாட்டில் கிடைக்கும் விண்கற்களை வாங்கிப் பதிந்து வைப்பவர்கள் அவர்கள்தான். அதுவரை உடைக்கவும் வேண்டாம், அமிலத்தில் கழுவவும் வேண்டாம். எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, பக்கத்தில் இதே மாதிரி இன்னும் கிடந்தனவா, கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் எதுவும் கண்ணில் பட்டனவா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்